தன்னைத்தான் ஆளும் கோபுரங்கள்
கையடக்கத் தொலைபேசி வலையமைப்பில் ஒருங்கிணைப்புப் பிறந்த வரலாறு

திருவிழா ஒன்று சிறப்புற நடந்தேறினால் தேரின் அழகையும் மேளத்தின் நாதத்தையும் எல்லோரும் புகழ்வர். தேர் நகரும் வேளை எது, மேளம் நிற்கும் வேளை எது, வாணம் விடும் வேளை எது என்று பார்த்து, ஒன்றோடொன்று மோதாமற் காத்தவரை நினைப்போர் மிகச் சிலரே. வடம் பிடிப்போர் தம் தொழிலில் வல்லவர். மேளகாரரும் தம் தொழிலில் வல்லவர். ஆயினும் வல்லவர் பலர் ஒரே முற்றத்திற் கூடிவிட்டால் மாத்திரம் விழா நிறைவுறாது. அவரவர் வல்லமையை ஓர் ஒழுங்கிற் கட்டுவது தனியான ஒரு கலை.

சரித்திரம் என்றதும் மன்னர்களின் போரையும் முடியையும் நினைப்பது நம் வழக்கம். ஆனால் இக்காலத்தில் நம் வாழ்வை மாற்றிய போர்கள் பல சத்தமின்றி நடந்தவை. அவற்றுள் ஒன்று, நம் சட்டைப்பையில் இருக்கும் கையடக்கத் தொலைபேசிக்குப் பின்னால் நின்று உழைக்கும் கோபுரங்களுக்குள்ளே நடந்தது. அக்கோபுரங்கள் மனிதனின் கட்டளைக்குக் காத்திராமல் தம்மைத் தாமே ஆளக் கற்றன. கற்றபின் ஒன்றோடொன்று முரண்பட்டன. அம்முரண்பாட்டைத் தீர்க்க அறிஞர் ஒருங்கிணைப்பு என்னும் கலையைப் பொறிக்குக் கற்பித்தனர். அவ்வரலாற்றைக் கூறுவதும், அதில் மலையகத்தவராகிய எமக்கு என்ன பங்கு உண்டென்று ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனிதன் கையிலிருந்து பொறியின் கைக்கு

தோட்டங்களிலே விடியற்காலையில் தப்படித்து மக்களைப் பெரட்டுக்கு அழைத்த காலமொன்று இருந்தது. எந்த மலைக்கு எத்தனை பேர் கொழுந்துக்குப் போவது, எத்தனை பேர் கவ்வாத்துக்குப் போவது என்பதெல்லாம் பெரட்டுக்களத்தில் ஒரு மனிதரின் வாயிலிருந்தே பிறந்தன. ஆரம்ப காலத்துத் தொலைபேசியும் அவ்வாறே மனிதரை நம்பியிருந்தது. அழைப்பவர் பெயரைச் சொல்ல, நிலையத்திலிருந்தவர் கம்பியை எடுத்துக் குழியிற் செருகி இணைத்துவிடுவார்.

இதை முதலில் மாற்றியவர் ஒரு விஞ்ஞானி அல்லர். அமெரிக்காவில் மரணச் சடங்குகளை நடத்திக்கொடுக்கும் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை நிலையத்துப் பெண் வேறொருவருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று ஐயுற்று அவர் இம்முயற்சியில் இறங்கினார் என்று சொல்லப்படுகிறது. காரணம் எதுவாயினும், 1891 ஆம் ஆண்டில் அவர் தானியங்கி இணைப்புப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அத்தகைய நிலையம் இயங்கத் தொடங்கியது. இணைக்கும் வேலை மனிதன் கையைவிட்டு அன்று போயிற்று.

கம்பியில்லாத் தொலைபேசிக்கு வேறொரு சிக்கல் இருந்தது. வானலை என்பது அளவான செல்வம். ஒரே அலையில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கெடும். 1947 ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் என்பவர் ஒரு குறிப்பு எழுதினார். நிலப்பரப்பைத் தேன்கூடுபோற் சிறு சிறு கலங்களாகப் பிரித்து, கலத்துக்கு ஒரு சிறு நிலையம் வைத்து, தூரத்திலுள்ள கலங்களில் அதே அலைகளை மறுபடியும் பாவிக்கலாம் என்பதே அதன் சாரம். கருத்துப் பிறந்தும் காரியம் நடக்க நெடுங்காலம் ஆயிற்று. 1973 ஏப்ரல் 3 ஆம் திகதி மோட்டரோலாவின் மார்ட்டின் கூப்பர் நியூயோர்க் வீதியில் நின்று கையடக்கத் தொலைபேசியிற் பேசினார். 1979 இல் தோக்கியோ நகரில் கலமுறைத் தொலைபேசிச் சேவை பொதுமக்களுக்கு வந்தது.

இம்முறையின் உயிர்நாடி 'கைமாற்றம்' ஆகும். பேசிக்கொண்டே பஸ்ஸில் போகும் ஒருவரை ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்தின் கையிற் கொடுக்கவேண்டும். கொடுக்கவேண்டுமானால் தன் அயலவர் யாரென அக்கோபுரம் அறிந்திருக்கவேண்டும். அந்த அயலவர் பட்டியலைப் பல ஆண்டுகள் மனிதரே எழுதினர். வாகனத்தில் அளவுக்கருவிகளை ஏற்றிக்கொண்டு வீதி வீதியாக ஓடி, எந்தக் கோபுரத்தின் அலை எங்கே கேட்கிறதென்று அளந்து, திருத்தித் திருத்தி எழுதினர். சமவெளியிலேயே இது கடினம். நமது மலைநாட்டிலோ ஒரு முடுக்குத் திரும்பினால் ஒரு கோபுரம் மறைந்து, பள்ளத்தாக்குக்கு அப்பாலிருக்கும் இன்னொன்று தெரியும். இங்கே அயலவர் யாரென்று தேசப்படத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது.

இலங்கையிலே

இத்துறையில் எமது சிறு தீவு பின்தங்கி நின்றதில்லை என்பதை இளைஞர் அறிந்து பெருமைப்படலாம். 1989 ஆம் ஆண்டில் செல்ரெல் நிறுவனம் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது தெற்காசியாவிலேயே அது முதலாவதாக விளங்கியது. 1992 இல் கோல் லிங்க், 1993 இல் மொபிடெல் என மற்றவை தொடர்ந்தன. 1995 இல் எம்.ரி.என். நெட்வேர்க்ஸ் என்ற பெயரோடு வந்த டயலொக், ஜி.எஸ்.எம். என்னும் எண்முறைச் சேவையைக் கொணர்ந்தது. 2006 இல் மூன்றாந் தலைமுறையும், 2013 இல் எல்.டி.இ. என்னும் நான்காந் தலைமுறையும் வந்தன.

தலைமுறை மாறும்போது பழையது உடனே மறைந்துவிடுவதில்லை. புதியது அதன் தோளின்மேல் ஏறி நிற்கும். இரண்டாம், மூன்றாம், நான்காந் தலைமுறைக் கருவிகள் ஒரே கோபுரத்தில் அடுக்கடுக்காகத் தொங்கிய காலத்தை நாம் கண்டோம். நிறுவனங்களும் ஒன்றாயின: 2018 இல் ஹட்ச் எட்டிசலாட்டோடும், 2024 இல் டயலொக் எயார்டெல்லோடும் இணைந்தன. இரு குடும்பங்கள் சம்பந்தம் செய்தால் உறவுமுறைகள் பெருகுவதுபோல, இரு வலையமைப்புகள் ஒன்றாகும்போது அயலவர் பட்டியல்களும் பெருகுகின்றன. ஒவ்வொரு கோபுரத்திலும் திருத்தவேண்டிய அளவீடுகளோ நூற்றுக்கணக்கானவை. எத்தனை எஞ்சினியர்களை அமர்த்தினாலும் இதனைக் கையால் எழுதி முடித்தல் சாத்தியமன்று. இது எமது நாட்டுக்கு மாத்திரம் வந்த தொல்லையுமன்று. உலகெங்கும் இருந்த தொல்லை.

தன்னாட்சி வந்த விதம்

2006 ஆம் ஆண்டில் உலகின் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் கூடி என்.ஜி.எம்.என். என்றோர் அமைப்பை நிறுவின. அடுத்த தலைமுறை வலையமைப்புத் தன்னைத் தானே ஒழுங்குசெய்தல் வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் முக்கியமானது. கையடக்கத் தொலைபேசிக்கு உலக நியமங்களை வகுக்கும் 3ஜி.பி.பி. என்ற கூட்டமைப்பு அதனை ஏற்று, 2008 ஆம் ஆண்டளவில் முடிவுற்ற தனது 8 ஆம் வெளியீட்டிலேயே அதற்கு வழிவகுத்தது. இவ்வகை வலையமைப்பை எஸ்.ஓ.என். எனச் சுருக்கி அழைப்பர். நாம் 'தன்னொழுங்கு வலை' எனலாம்.

முதலில் வந்தது தானே அயலவரை அறியும் வித்தை. தொலைபேசியொன்று, தன் கோபுரத்துக்குத் தெரியாத புதிய கோபுரமொன்றின் எண் கேட்கிறதென்று அறிவிக்கும். கோபுரம் உடனே, "அதன் முழு அடையாளத்தை வாசித்துச் சொல்" என்று அத்தொலைபேசிக்கே கட்டளையிடும். விடை கிடைத்ததும் புதிய கோபுரத்தைத் தன் பட்டியலிற் சேர்த்துக்கொண்டு, அதனோடு நேரே பேசத் தொடங்கும். வாகனத்தில் ஓடித்திரிந்து செய்த வேலையை நம் சட்டைப்பையில் உள்ள கருவியே செய்துவிடுகிறது!

அடுத்தது எண் சூட்டும் வித்தை. நான்காந் தலைமுறையிற் கலங்களுக்குச் சூட்டுவதற்கு 504 எண்களே உண்டு, கலங்களோ ஆயிரமாயிரம். ஆகவே ஒரே எண் பல இடங்களில் வரும். ஒரே லயத்தில் ஒரே பெயருடைய இருவர் இருந்து, செக்ரோலில் இருவருக்கும் ஓர் இலக்கமே விழுந்தால் ஒருவர் நாட்சம்பளம் மற்றவர் கணக்கில் ஏறுமன்றோ? அதைப் போலவே, அருகருகே ஒரே எண் வந்தால் அழைப்பு தவறான கோபுரத்துக்குக் கைமாறி அறுந்துபோகும். அவ்வாறு நேராமல் எண்ணைத் தேர்ந்தெடுக்கவும் பொறி கற்றது.

9 ஆம், 10 ஆம் வெளியீடுகளில் வேறு பணிகளும் சேர்ந்தன. கைமாற்றம் பிந்தியோ முந்தியோ நடந்து அழைப்பு அறுவதைத் திருத்துவது ஒன்று. நெரிசலான கோபுரத்திலிருந்து வெறிச்சோடிய கோபுரத்துக்கு மக்களைப் பகிர்ந்து சுமையைச் சமப்படுத்துவது ஒன்று. ஆளரவமற்ற இரவில் சில கலங்களை உறங்கவைத்து மின்சாரத்தைச் சேமிப்பது ஒன்று. ஒரு கோபுரம் செயலிழந்தால், அயற்கோபுரங்கள் தம் அலைவாங்கியின் சாய்வை நிமிர்த்தியும் வலுவைக் கூட்டியும் அந்த இடைவெளியை மூடுவது இன்னொன்று. ஒவ்வொன்றும் நல்ல பணி. ஒவ்வொன்றும் திறமையாகச் செய்யப்பட்ட பணி. இங்கேதான் கதை திரும்புகிறது.

நல்லவர்க்குள் வந்த சண்டை

சுமையைச் சமப்படுத்தும் பணி, நெரிசலான கோபுரத்தைப் பார்த்து, "உன் எல்லையிலுள்ளோரைச் சற்று முன்னதாகவே அடுத்தவரிடம் ஒப்படை" என்கிறது. அதற்காகக் கைமாற்றத்தின் எல்லைக்கோட்டை நகர்த்துகிறது. சிறிது நேரத்தில் கைமாற்றத்தைச் சீர்செய்யும் பணி வந்து பார்க்கிறது: "இங்கே அழைப்புகள் அளவுக்கு முந்திக் கைமாறி அறுகின்றனவே!" என்று அதே கோட்டைப் பழைய இடத்துக்கு இழுக்கிறது. முன்னையது மறுபடி தள்ளுகிறது. பின்னையது மறுபடி இழுக்கிறது. இரண்டும் தம் கடமையையே செய்கின்றன. இரண்டும் கையாள்வது ஒரே அளவீட்டை. நடுவில் நின்று ஆடுவது எல்லையில் இருக்கும் ஏழையின் தொலைபேசி அழைப்பு.

இதனினும் நுட்பமான முரண்பாடுகள் உள. மின்சாரம் சேமிக்கும் பணி ஒரு கலத்தை உறங்கவைக்கிறது. அது உறங்குகிறதா இறந்ததா என்று அறியாத பணி, "ஐயோ, கலமொன்று விழுந்துவிட்டது" என்று அயற்கோபுரங்களை எழுப்பி வலுவைக் கூட்டச் செய்கிறது. சேமித்த மின்சாரம் அயலவன் வீட்டிற் செலவாகிறது. இன்னொரு பணி அலைவாங்கியின் சாய்வை மாற்றினால் கலத்தின் எல்லையே இடம்மாறும், அயலவர் மாறுவர், எண்கள் மோதக்கூடும், கைமாற்றக் கணக்கு முழுவதும் பிழைக்கும். இங்கே இரு பணிகளும் ஒரே திருகைத் தொடவில்லை. ஒன்றின் செய்கை மற்றதன் நிலத்தை நகர்த்திவிட்டது.

பாபேல் கோபுரத்தின் கதையை விவிலியத்திற் படித்தோர் அறிவர். அங்கே கட்டினவர் சோம்பேறிகள் அல்லர். ஒருவர் மொழி ஒருவருக்கு விளங்காமற் போனதால் வேலை கெட்டது. இக்காலக் கோபுரங்களுக்கும் அதே ஆபத்து வந்தது. ஒரு நாட்டின் வலையமைப்பில் எரிக்சன், நோக்கியா, ஹுவாவி எனப் பல நிறுவனத்தாரின் கருவிகள் கலந்திருத்தல் கூடும். ஒவ்வொருவரும் தம் பணிகளைத் தம் வழியில் எழுதியிருப்பர். ஒருவர் எழுதிய பணி அடுத்தவர் எழுதிய பணியின் உள்ளத்தை அறியாது.

1990 ஆம் ஆண்டு தந்த பாடம்

தம்மைத் தாமே குணப்படுத்தும் பொறிகள் ஒன்றையொன்று நோயாளியாக்குதல் கூடுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சரித்திரச் சான்று உண்டு. 1990 ஜனவரி 15 ஆம் திகதி, அமெரிக்காவின் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் தூரத் தொலைபேசி வலையமைப்பு முடங்கியது. நியூயோர்க்கிலிருந்த ஓர் இணைப்பு நிலையத்திற் சிறு கோளாறு ஏற்பட்டது. அந்நிலையம் தன் கடமைப்படி சில விநாடிகள் ஓய்ந்து, தன்னைச் சீர்செய்துகொண்டு மீண்டது. மீண்டதும் அயல் நிலையங்களுக்கு அழைப்புகளை அனுப்பியது. அச்செய்தியைக் கண்ட அயல் நிலையங்கள் தம் பதிவேட்டைத் திருத்தத் தொடங்கின. திருத்திக்கொண்டிருக்கும் அந்தக் கணப்பொழுதில் இரண்டாவது செய்தி வந்தால் தடுமாறும்படியான பிழையொன்று அவற்றின் கட்டளைத்தொடரில் ஒளிந்திருந்தது. அவை தடுமாறின, தாமும் ஓய்ந்து மீண்டன, மீண்டு, தம் அயலவரையும் தடுமாறச் செய்தன. இவ்வாறு 114 நிலையங்களும் ஒன்றையொன்று வீழ்த்திக்கொண்டு ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம் துன்புற்றன.

இதிலே சிந்திக்கவேண்டியது யாதெனில், எந்த நிலையமும் நிரந்தரமாகப் பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் சில விநாடிகளிற் குணமடைந்தது. குணமடைந்ததே மற்றவைக்கு நோயாயிற்று! செய்திகளின் எண்ணிக்கையைக் குறைத்தபின்னரே வலையமைப்பு அடங்கியது. தனித்தனியே சரியானவை கூடினால் முழுமையும் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு அன்று ஒரு பெரும் அடி விழுந்தது.

எமது ஆற்றிலே ஓர் உவமை

இச்சிக்கல் தொலைபேசிக்கு முன்பே மின்சாரத்தில் வந்து தீர்ந்ததாகும். அதன் சாட்சிகள் எமது மஸ்கெலியாவைச் சுற்றியே நிற்கின்றன. டி. ஜே. விமலசுரேந்திரா என்ற எஞ்சினியர் 1918 ஆம் ஆண்டிலேயே இம்மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் பெறும் யோசனையை வெளியிட்டார். 1950 இல் பழைய லக்சபான நிலையமும், 1965 இல் காசல்ரீ அணையும் விமலசுரேந்திரா நிலையமும், 1969 இல் மவுசாகலை அணையும் பொல்பிட்டிய நிலையமும், 1974 இல் புதிய லக்சபானவும், 1980களில் கென்யனும் எழுந்தன. மவுசாகலை நீரின்கீழ் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டுவதை மூத்தோர் கண்கலங்கப் பார்த்திருக்கின்றனர். நாடு ஒளிபெற நாம் கொடுத்த விலையை அவை சொல்லாமற் சொல்லும்.

அந்நிலையங்கள் ஒவ்வொன்றிலும் 'கவர்னர்' என்னும் வேகக்காப்பு உண்டு. ஜேம்ஸ் வாட் 1788 இல் நீராவி யந்திரத்துக்குப் பூட்டிய சுழல்குண்டுகளின் வழித்தோன்றலே அது. நாட்டின் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சியில் நிற்கவேண்டும். தேவை கூடிச் சுழற்சி தாழ்ந்தால் கவர்னர் தானே நீரைத் திறக்கும். ஏறினால் தானே மூடும். ஆனால் எல்லா நிலையங்களின் கவர்னர்களும், "சரியாக 50 இல் நானே நிறுத்துவேன்" என்று பிடிவாதம் பிடித்தால் என்ன நேரும்? ஒன்று திறக்க மற்றது மூடும். சுமை இங்கும் அங்கும் அலையும். ஆதலால் எஞ்சினியர்கள் ஒரு விதி வகுத்தனர். கவர்னர்கள் தத்தம் வலுவுக்கேற்பச் சற்று விட்டுக்கொடுத்துச் சுமையைப் பங்கிடவேண்டும். எஞ்சிய சிறு வித்தியாசத்தைத் திருத்தும் பொறுப்பு ஒரு நிலையத்தின் கையில் இருக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரு கட்டுப்பாட்டு நிலையம் மேலிருந்து பார்க்கவேண்டும். மேல் நிலையம் விடும் நீர்தான் கீழ் நிலையத்தின் குளத்தை நிரப்பும் என்பதால், ஆற்றின் ஒழுங்கும் இந்த ஏற்பாட்டில் அடங்கும்.

விட்டுக்கொடுத்தல், பொறுப்பாளி ஒருவரை ஏற்றல், மேற்பார்வை என்னும் இம்மூன்றையுமே தொலைபேசி அறிஞரும் பின்னர் நாடினர்.

ஒருங்கிணைப்பான்

முதற்படி, அயலவர் தமக்குள் பேசித் தீர்த்தல். 3ஜி.பி.பி. 9 ஆம் வெளியீட்டில் இதற்கு வழி பிறந்தது. ஒரு கோபுரம் கைமாற்ற எல்லையை நகர்த்த விரும்பினால் அயலவனிடம் அதனை முன்மொழியும். அயலவன் ஒப்புக்கொள்ளலாம், அல்லது மறுத்து, "இவ்வளவுக்குள் ஆனால் சம்மதம்" என்று ஒரு வரம்பைச் சொல்லலாம். வரப்புத் தகராறை இருவர் வேலியருகே நின்று தீர்த்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது.

இரண்டாம்படி, நடுவர் ஒருவரை நியமித்தல். 2008 முதல் 2010 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் 'சோக்ரடீஸ்' என்னும் ஆய்வுத்திட்டம் நடந்தது. கிரேக்க ஞானியின் பெயரைத் தாங்கிய அத்திட்டம், தன்னொழுங்குப் பணிகளுக்கு மேலே ஓர் ஒருங்கிணைப்பான் வேண்டும் என்று எடுத்துக்காட்டியது. நிறுவனத்தின் கொள்கையைப் பணிகளுக்கு விளங்கும் விதிகளாக மாற்றுவதும், ஒன்றுக்கொன்று முரணான வேண்டுகோள்களை இசைவிப்பதும், வலையமைப்பு ஊஞ்சல்போல ஆடத் தொடங்கினால் காவலன்போலக் கண்டு தடுப்பதும் அதன் கடமைகளாயின.

மூன்றாம்படி, அனுமதி கேட்டல். 2011 ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தாரும் நோக்கியா சீமென்ஸ் ஆய்வாளரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் ஓர் அழகிய கருத்து உண்டு. எந்தப் பணியும் ஓர் அளவீட்டை மாற்றுமுன் நடுவரிடம் கேட்கவேண்டும். ஒவ்வொரு செய்கைக்கும் ஒரு தாக்கப் பரப்பும் ஒரு தாக்க நேரமும் உண்டு. சற்றுமுன் அதே இடத்தில் ஒரு பணி செய்த மாற்றத்தின் விளைவு இன்னும் அடங்கவில்லையானால், புதிதாக வந்த பணி காத்திருக்கவேண்டும், அல்லது மறுக்கப்படும், அல்லது அதுவே அவசரமானால் பழைய மாற்றம் நீக்கப்படும். உழுத நிலத்திலே விதை முளைக்குமுன் மறுபடி உழாதே என்பது உழவர் அறிந்த நீதியன்றோ?

3ஜி.பி.பி.யும் 11 ஆம் வெளியீட்டில் இவ்வொருங்கிணைப்பை நியமங்களுள் எடுத்துக்கொண்டது. 2012 முதல் 2015 வரை நடந்த 'செமஃபோர்' என்னும் ஐரோப்பியத் திட்டம், பல தலைமுறை வலையமைப்புகள் சேர்ந்திருக்கும் நிலையில் அனைத்தையும் ஒரே நோக்கின்கீழ் ஆள்வதை ஆராய்ந்தது. 2018 இல் தோன்றிய ஓ-ரான் கூட்டணி, பல நிறுவனத்தார் எழுதிய சிறு செயலிகளை ஒரே கட்டுப்பாட்டுப் பொறியில் இயங்கவிடும் முறையை வகுத்தது. அங்கே முரண்பாடு தணித்தலுக்கென்றே ஓர் அங்கம் ஒதுக்கப்பட்டது. ஒரே திருகை இருவர் தொடும் நேர்முரண், ஒருவர் செய்கை மற்றவர் நிலத்தை நகர்த்தும் மறைமுரண், காரணமே புலப்படாத உட்கிடை முரண் என மூவகையாக முரண்பாடுகளை அவர்கள் பகுத்தனர். மூன்றாவதே கொடியது, அதனைக் கண்டுபிடிக்கப் பொறிக்கும் பொறுமை வேண்டும்.

கொள்கையை எழுதுவோர் யார்?

நடுவர் நடுநிலை தவறாமல் விதியைப் பின்பற்றுவார், மெய்தான். ஆனால் அந்த விதியை எழுதுவது மனிதன். இரு பணிகள் மோதும்போது எது முந்தவேண்டும், மின்சாரச் சிக்கனமா இணைப்பு அறாமையா, நெரிசலான நகரமா ஒதுங்கிய மலைச்சரிவா என்ற கேள்விகளுக்குப் பொறியில் விடையில்லை. விடை, வலையமைப்பை நடத்துவோர் எழுதிவைக்கும் கொள்கையில் இருக்கிறது. இங்கேதான் இவ்வரலாறு எமது லயத்து வாசலுக்கு வந்து நிற்கிறது.

தன்னொழுங்கு வலை, தொலைபேசிகள் தரும் அறிக்கைகளைக் கொண்டே உலகத்தைப் பார்க்கிறது. ஓரத்தில் இணைப்பு அறுந்த தொலைபேசி, மீண்டும் இணைந்தபின் அதனை அறிவிக்கக்கூடும். ஆனால் அலை எட்டாத லயத்தினுள்ளே எத்தனை பேர் பேச விரும்பினர், எத்தனை பிள்ளைகள் படிக்க விரும்பினர் என்பது அப்பதிவேட்டில் ஏறுவதில்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டு, படிப்பு தொலைபேசிக்குள் நுழைந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் பாறையிலும் மலையுச்சியிலும் ஏறி அலையைத் தேடினர். அப்பிள்ளைகளின் ஏற்றத்தைப் பொறி எந்தக் கணக்கில் எழுதும்? எண்ணப்படாமல் இருப்பதன் துன்பத்தை எம்மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் முதல் 2003 வரையும் அதனைச் சட்டத்தால் அனுபவித்தோம். இனிமேல் சட்டமின்றி, ஒரு கணிதச் சூத்திரத்தின் அசட்டையால் அதே துன்பம் வரலாகாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது மலையகத்து மலைகள் சரிந்தன; மின்சாரமும் ஒளியிழைத் தொடர்பும் அறுந்து பல இடங்களில் தொலைபேசி மௌனமாயிற்று. அறுந்த கம்பியை எந்த ஒருங்கிணைப்பானும் ஒட்டவைக்க முடியாது. அதற்கு மாற்றுவழிக் கம்பியும், நீடித்து நிற்கும் மின்கலமும், ஜெனரேட்டருக்கு எரிபொருளும் வேண்டும். ஆனால் எஞ்சி நிற்கும் கோபுரம் மின்கலத்தில் இயங்கும் அந்த இரவில் நல்லவர் இருவர் மறுபடியும் மோதுவர். "வலுவைக் குறைத்து நெடுநேரம் உயிரோடு இரு" என்று ஒருவர் சொல்வார்; "வலுவைக் கூட்டி, விழுந்த அயலவனின் மக்களையும் அணைத்துக்கொள்" என்று மற்றவர் சொல்வார். இருவர் சொல்வதும் தருமமே. அந்த வேளையில் எது முந்தவேண்டும் என்பதை மழை வருமுன்னரே ஆலோசித்து எழுதிவைக்கவேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மலைகளை அறிந்தவர்களின் குரல் அந்த ஆலோசனையில் இடம்பெறவேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் நிறுவனங்களும் இதனைத் தம் கடமையாகக் கொள்ளவேண்டும் என்று கேட்பது பிச்சையன்று, உரிமை.

முடிவாக

இளைஞர்களே! நம்மிற் பலர் இன்று கணனியும் கணிதமும் கற்கிறோம். கோபுரம் ஏறிக் கம்பி கட்டும் வேலைக்கு மாத்திரமன்றி, கோபுரங்களின் கொள்கையை எழுதும் மேசைக்கும் நாம் போகவேண்டும். அதற்குமுன் செய்யத்தக்க எளிய பணியொன்று உண்டு. எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில், எந்த லயத்தில் அலை எட்டவில்லை என்பதை நமது சங்கத்தின் கிளைகள் நாளும் இடமும் குறித்துப் பதிந்து ஒரு பட்டியலாக்கலாம். பொறிக்குத் தெரியாததை மனிதர் எழுதிக் கொடுத்தால் மறுப்பதற்கு வழியில்லை.

மூத்தோர்களே! சங்கமொன்றை நடத்துவது எத்தகைய தொல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். அன்னதானத்துக்குப் பொறுப்பானவரும் பூசைக்குப் பொறுப்பானவரும் ஒரே நேரத்தில் ஒரே மண்டபத்தைக் கேட்பர். இருவரும் இறைபணியே செய்கின்றனர். யாரையும் புண்படுத்தாமல், எதையும் நிறுத்தாமல், ஒவ்வொன்றையும் அதனதன் வேளையில் நடத்திவைத்தீர்கள். உலகத்து அறிஞர் பல ஆண்டு ஆராய்ந்து பொறிக்குக் கற்பித்த பாடத்தை நீங்கள் அனுபவத்தாற் கற்றிருக்கிறீர்கள். அந்த விவேகத்தை எமக்கும் கற்பியுங்கள்.

தன்னைத் தான் ஆளுதல் பெருமைதான். ஆனால் அயலவனை அறிந்து, அவன் வரம்பை மதித்து, பொதுநன்மைக்காகச் சற்று விட்டுக்கொடுத்துத் தன்னை ஆளுதலே நிறைவான ஆட்சி. கோபுரங்களுக்கு இதனை மனிதன் கற்பித்துவிட்டான். மனிதருள்ளும் இது தழைப்பதாக!